ஐந்து ஆண்டு மக்காச்சோளத்துக்குப் பிறகு மண் அட்டை காட்டும் மாற்றம்: உரம் மண்ணை என்ன செய்திருக்கிறது?

கரிசல்வெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்துத் தை மாதத்தில் அறுவடை செய்து வருகிறோம். ஏக்கருக்கு இரண்டு மூட்டை டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும், கொண்ட உரம்) அடியுரமாகவும், இரண்டு மூட்டை யூரியா மேலுரமாகவும் இடுகிறோம். கரிசலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) இயல்பாகவே மிகுதி என்று முன்பு ஒருவர் சொன்னதால், அந்தச் சத்தைத் தரும் பொட்டாஷ் உரத்தை இடுவதில்லை. சராசரியாக ஏக்கருக்கு 28 குவிண்டால் கிடைக்கிறது. தட்டையை (கதிர் நீக்கிய தண்டும் தாளும்) மாட்டுத் தீவனத்துக்காக வெளியே கொடுத்துவிடுகிறோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய மண் அட்டையையும் (மண் பரிசோதனை முடிவு அட்டை), இந்த ஆண்டு அறுவடைக்குப் பிறகு எடுத்த மாதிரியின் முடிவையும் ஒப்பிட்டேன். கார அமில நிலை (pH) அன்றும் இன்றும் 8.2. அங்ககக் கரிமம் 0.52 விழுக்காட்டிலிருந்து 0.41 ஆகியிருக்கிறது. ஏக்கருக்கான மணிச்சத்து 7 கிலோவிலிருந்து 14 கிலோவாக உயர்ந்திருக்கிறது. சாம்பல் சத்து 180 கிலோவிலிருந்து 128 ஆக இறங்கியிருக்கிறது. தழைச்சத்து இப்போது 88 கிலோ, துத்தநாகம் 0.7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.7 பங்கு); பழைய அட்டையில் இவ்விரண்டும் இல்லை.

மகசூல் இன்னும் குறையவில்லை. ஆனால் சென்ற பருவத்தில் இளம்பயிரின் குருத்து ஆங்காங்கே வெளுத்திருந்தது; உழவின்போது கட்டிகள் முன்பைவிடப் பெரியவையாகப் புரளுகின்றன. இரசாயன உரம் மண்ணைச் சாகடித்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படியானால் மணிச்சத்து மட்டும் எவ்வாறு இரட்டிப்பானது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கொழிஞ்சி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் அட்டையிலேயே விடை இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் கரிமம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கரிமம்தான் மண்ணில் வாழும் அனைத்துக்கும் உணவு. அது குறைந்தால் நுண்ணுயிர்கள் குறையும், மண்புழு குறையும், மண் இறுகும். செயற்கைத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் கரிமத்தையே விரைந்து தின்று தீர்க்கின்றன என்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1876 முதல் நடந்துவரும் மாரோ வயல்களை ஆராய்ந்தவர்கள் 2007-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். அரை நூற்றாண்டு உரமிட்டு, பயிர்க் கழிவையும் மண்ணிலேயே மடக்கியும்கூட அங்கே கரிமம் குறைந்தது. நான் பதினோரு ஆண்டுகளாக யூரியாவைத் தொடவில்லை. நீங்களும் உரத்தை ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டு, பசுந்தாள் உரத்துக்கும் (பச்சைப் பயிரை மண்ணில் மடக்குவது), ஆட்டுக்கிடைக்கும் (ஆடுகளை வயலில் இரவு தங்கவைத்து எருவிடுவது) மாறுங்கள் என்பதே என் கருத்து.

உரக்கடைக்காரர் எழுதியது:

இந்த இழையில் நான் கட்சிக்காரன் என்று கருதப்படலாம் என்பதால் முதலிலேயே என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் டி.ஏ.பி.யும் யூரியாவும் மட்டுமே கேட்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும் என்று சொன்னால், மூட்டை எண்ணிக்கை கூடுகிறது, வண்டி வாடகை கூடுகிறது என்று மறுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் இந்தியாவிலேயே முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-இல் நம் ராணிப்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 விழுக்காடும், கந்தகம் ஏறத்தாழ 11 விழுக்காடும் உண்டு. டி.ஏ.பி.யில் கந்தகம் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை.

மண்ணாய்வு எழுதியது:

மண் பரிசோதனை நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கரிசல்வெளியின் எண்கள் தெளிவாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மண் செத்துவிட்டதா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நிலத்துக்குள் என்ன போனது, நிலத்தைவிட்டு என்ன வெளியேறியது என்று கணக்குப் பார்ப்போம்.

ஒரு மூட்டை டி.ஏ.பி. என்பது 50 கிலோ. அதில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. இப்போதைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே நீங்கள் ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 59 கிலோ தழைச்சத்தும் 46 கிலோ மணிச்சத்தும் இட்டிருக்கிறீர்கள். சாம்பல் சத்து சுழியம். 28 குவிண்டால் தானியமும் அதற்குரிய தட்டையும் சேர்ந்து, தோராயமாக 60 கிலோ தழைச்சத்தையும், 25 கிலோ மணிச்சத்தையும், 60 கிலோ சாம்பல் சத்தையும் மண்ணிலிருந்து எடுத்திருக்கும். நிலத்துக்கு நிலம் இவை கொஞ்சம் மாறும். ஆனால் கணக்கின் திசை மாறாது.

மணிச்சத்தில் ஆண்டுக்கு 20 கிலோ மிச்சம். இட்ட உரத்தின் மணிச்சத்தில் அந்த ஆண்டிலேயே பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை; பயிரின் மீதித் தேவை மண்ணில் முன்பே உள்ளதிலிருந்து வருகிறது. உரத்தில் எஞ்சியது கரிசலில் உள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து கரையாத கால்சிய பாஸ்பேட்டுகளாகப் படிகிறது. அது முற்றிலும் வீணானது என்று கருத வேண்டாம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் 1901 வரை உரமிட்டுப் பிறகு நிறுத்திய ஒரு வயலில், அந்தப் பழைய மணிச்சத்தின் மிச்சம் பல பத்தாண்டுகள் கழித்தும் பார்லிப் பயிரின் விளைச்சலைக் கூட்டியது. உங்கள் நிலத்திலும் அப்படி ஓர் இருப்பு சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு அளவுகோலில் ஏக்கருக்கு 9 கிலோவுக்கு மேல் இருந்தாலே மணிச்சத்து உயர்நிலை, உங்களுடையது 14.

சாம்பல் சத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. மக்காச்சோளம் எடுக்கும் சாம்பல் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குகூடத் தானியத்துக்குப் போவதில்லை. எஞ்சியதெல்லாம் தட்டையில்தான் நிற்கிறது. தட்டையை வெளியே கொடுத்ததால் ஏக்கருக்கு ஒன்றரை மூட்டைக்கும் மேற்பட்ட பொட்டாஷை ஆண்டுதோறும் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளில் தானியமும் தட்டையுமாக வெளியேறியது, உரக் கணக்கில் வழக்கமான ஆக்சைடு வடிவில், 300 கிலோ. பொட்டாசியம் தனிமமாகக் கணக்கிட்டாலும் சுமார் 250 கிலோ. ஆனால் அட்டையில் குறைந்திருப்பது 52 கிலோ மட்டுமே. மீதி எங்கிருந்து வந்தது? கரிசல் களிமண்ணின் அடுக்குகளுக்குள் சிறைப்பட்டிருக்கும், பரிசோதனையில் அகப்படாத இருப்பிலிருந்தும், ஓரளவு அடிமண்ணிலிருந்தும் வந்தது. கரிசலில் சாம்பல் சத்து மிகுதி என்று உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த இருப்பு கரைந்துகொண்டிருப்பதை அட்டை முழுமையாகக் காட்டாது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். இந்தியாவின் நீண்டகால உரப் பரிசோதனைகள் பலவற்றில், பரிந்துரைத்த அளவு முழுவதையும் இட்ட வயல்களில்கூடச் சாம்பல் சத்துக் கணக்கு பற்றாக்குறையிலேயே முடிந்திருக்கிறது.

தழைச்சத்தில் வரவும் செலவும் சமமாகத் தோன்றும், உண்மையில் அப்படியில்லை. 8.2 என்ற கார நிலையில் யூரியாவை மண்ணால் மூடாமல் மேற்பரப்பில் தூவினால் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்தது மண்ணின் கரிமப் பொருளில் இருந்த தழைச்சத்துத்தான். கரிமம் குறைந்ததற்கு இதுவும், தட்டை திரும்பி வராததும், ஆண்டுதோறும் ஆழ உழுததும் காரணங்கள்.

துத்தநாகம் 0.7 பி.பி.எம். என்பது நம் மாநிலத்துக்கு வரையறுத்த 1.2 என்ற எல்லைக்குக் கீழே. சுண்ணாம்பும் காரத்தன்மையும் துத்தநாகத்தை ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் நிலத்தில், மணிச்சத்து மிகுந்தால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது மேலும் தடைப்படும். நீங்கள் பார்த்த வெண்குருத்துக்கு அதுவே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

கடைமடை எழுதியது:

அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. நாகப்பட்டினம் பகுதியில் நாங்கள் நெல் பயிரிடுகிறோம். இயந்திர அறுவடைக்குப் பிறகு வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரத்தால் சுருட்டி வெளியூருக்கு அனுப்பும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. தாங்கள் தட்டைக்குச் சொன்னது வைக்கோலுக்கும் பொருந்துமா?

மண்ணாய்வு எழுதியது:

பொருந்தும். ஒரு டன் வைக்கோலில் 15 கிலோவுக்குக் குறையாத சாம்பல் சத்து இருக்கும். வயலிலேயே எரித்தால் சாம்பல் சத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கும், ஆனால் கரிமமும் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகிவிடும். கட்டி விற்றால் எல்லாமே போகும். விற்பதைத் தவறென்று சொல்லவில்லை. வைக்கோல் விலையில் பொட்டாஷின் விலையையும் கழித்துப் பார்த்துவிட்டு விற்கலாம். மற்றபடி நீர் தேங்கும் நெல் மண்ணின் வேதியியல் தனிக் கதை. அங்கே கார அமில நிலை நடுநிலையை நோக்கி நகர்கிறது, கட்டுண்ட மணிச்சத்து ஓரளவு விடுபடுகிறது. அதைத் தனி இழையில் பேசுவது நல்லது.

கொழிஞ்சி எழுதியது:

அம்மாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் உரம் மண்ணை அமிலமாக்குகிறது என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. அதைத் தாங்கள் தொடவே இல்லை. நுண்ணுயிர் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. இல்லினாய் வயல்களைப் பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்ணாய்வு எழுதியது:

மூன்றும் நியாயமான கேள்விகள்.

அமிலத்தைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் எந்த மண்ணில் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். யூரியாவும் அம்மோனிய உரங்களும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிப்படுகிறது. பயிர் அந்த நைட்ரேட்டை உறிஞ்சும்போது அமிலத்தின் ஒரு பகுதி சமனாகிறது. பயிருக்குக் கிட்டாமல் மழையோடு கீழிறங்கும் நைட்ரேட், தன் பங்கு அமிலத்தை மேல்மண்ணிலேயே விட்டுச் செல்கிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட்டின் அமிலத்தைச் சமன்செய்ய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அதே எடை யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ. இங்கிலாந்தின் வோபர்ன் நகரில் 1876-இல் தொடங்கிய பரிசோதனையில், சுண்ணாம்பு குறைந்த மணல்சார்ந்த மண்ணில் அம்மோனிய உப்புகளைத் தொடர்ந்து இட்ட வயல்களில் சில பத்தாண்டுகளுக்குள் பார்லி முளைத்து நிற்கவே முடியாமல் போனது. சுண்ணாம்பு இட்டதும் அது மீண்டது. நம் நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் 1972 முதல் நடக்கும் மக்காச்சோளம், கோதுமைப் பரிசோதனையில் யூரியாவை மட்டுமே இட்ட வயல்களின் கார அமில நிலை 5.8-இலிருந்து 5-க்கும் கீழே சரிந்து, நாளடைவில் விளைச்சல் சுழியமாகிவிட்டது. ராஞ்சியின் செம்மண்ணிலும் யூரியா மட்டும் இட்ட வயல்கள் வீழ்ந்தன. அதே ராஞ்சியில் மூன்று சத்துகளையும் சுண்ணாம்போடு சேர்த்து இட்ட வயல்கள் நல்ல விளைச்சலைத் தக்கவைத்துக்கொண்டன.

கரிசல்வெளியின் நிலத்துக்கு வருவோம். அவருடைய மண்ணில் ஐந்து விழுக்காடு சுண்ணாம்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், உழவு ஆழத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 45 டன் சுண்ணாம்பு கிடக்கிறது. அவர் இடும் யூரியாவும் டி.ஏ.பி.யும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். அந்த இருப்பு தீர 300 ஆண்டுகள் ஆகும். ஐந்து ஆண்டுகளில் 8.2 அசையாமல் நின்றதில் வியப்பில்லை. இதே உர அளவை நீலகிரியிலோ கன்னியாகுமரி மாவட்டத்தின் செம்புறை மண்ணிலோ ஒருவர் இட்டு வந்தால் நான் சொல்லும் அறிவுரை வேறாக இருக்கும்.

நுண்ணுயிர்களைப் பற்றி: உலகெங்கும் நடந்த 64 நீண்டகாலப் பரிசோதனைகளை ஒன்றுதிரட்டி 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, உரமிடாத வயல்களைவிட உரமிட்ட வயல்களில் நுண்ணுயிர்த் திரள் சராசரியாக 15 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகக் கண்டது. பயிர் செழித்தால் வேரும் தாளும் கூடுகின்றன. நுண்ணுயிருக்கு உணவு கூடுகிறது. ஆனால் மண் அமிலமாகி 5-க்குக் கீழே போன இடங்களில் நிலைமை தலைகீழ். உரம் நுண்ணுயிரைக் கொல்கிறது என்ற பொதுக்கூற்றும், உரத்தால் ஒரு தீங்கும் இல்லை என்ற பொதுக்கூற்றும் இந்தத் தரவின் முன் நிற்கவில்லை.

இல்லினாய் வயல்களைப் பற்றிய அந்தக் கட்டுரைக்கு வலுவான மறுப்புகளும் எழுந்தன. புல்வெளியை உடைத்து உழுத நாள் முதலே அங்கே கரிமம் சரிந்துகொண்டிருந்தது. செயற்கை உரம் வந்ததோ 1955-இல். சரிவு முழுவதையும் உரத்தின் கணக்கில் எழுத முடியாது. ஒரே காலத்தில் அருகருகே உள்ள வயல்களை ஒப்பிட்டால், உரமிடாத வயலில்தான் கரிமம் மிகக் குறைவு. 1843 முதல் கோதுமை விளையும் ரோத்தம்ஸ்டெட்டின் பிராட்பால்க் வயலிலும் இதே படிநிலைதான்: ஒன்றும் இடாத வயலில் கடைநிலை, செயற்கை உரமிட்டதில் சற்றே மேல், ஆண்டுதோறும் தொழு உரம் இட்டதில் இரு மடங்குக்கும் அதிகம். விளைச்சலில் செயற்கை உரம் தொழு உரத்துக்கு ஈடுகொடுக்கிறது. கரிமத்தைச் சேர்ப்பதில் அருகில்கூட வர முடியவில்லை. தங்கள் பசுந்தாளுக்கும் ஆட்டுக்கிடைக்கும் நான் எதிரியல்ல, நண்பரே. உரத்தை ஒரே பருவத்தில் முற்றிலும் நிறுத்துவது மட்டும் கரிசல்வெளிக்கு வேண்டாம் என்கிறேன். 88 கிலோ தழைச்சத்து என்பது குறைந்த நிலை. 112-க்கு மேல் போனால்தான் நடுத்தரம்.

கொழிஞ்சி எழுதியது:

விளக்கத்தை ஏற்கிறேன், ஒன்றில் மட்டும் உடன்பட முடியாது. பரிசோதனை நிலையத்தில் மூன்று சத்துகளையும் அளந்து இடுகிறார்கள். ஊரில் யார் அப்படி இடுகிறார்கள்? விவசாயி இடுவது அரசு எதை மலிவாக வைத்திருக்கிறதோ அதைத்தான். 1992-இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், யூரியாவை விட்டுவைத்தார்கள். 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா வெளியே நின்றது. ஒரு மூட்டை பொட்டாஷ் வாங்கும் பணத்தில் பல மூட்டை யூரியா வாங்கலாம். பாலம்பூரின் வீழ்ந்த வயல் ஆய்வுக்காக உருவாக்கப்பட்டது. நம் ஊர் வயல்களை அந்தத் திசையில் தள்ளுவது விலைப் பட்டியல். ஆகவே செயற்கை உரம் என்ற முறையைக் குறை கூறும்போது, அது விற்கப்படும் விதத்தையும் சேர்த்தே கூறுகிறேன்.

மண்ணாய்வு எழுதியது:

இதில் எனக்கும் தங்களுக்கும் வேறுபாடு இல்லை.

உரக்கடைக்காரர் எழுதியது:

எனக்கும் இல்லை. யூரியா மூட்டைக்காக வரிசையில் நிற்பவர்கள் பொட்டாஷ் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைக் கடையில் நாள்தோறும் காண்கிறேன்.

கரிசல்வெளி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கட்டி பெரிதாகப் புரளுவதற்கு உரம் காரணமா, வேறு ஏதாவதா? ஆழ்துளைக் கிணற்று நீரை இரண்டு முறை துணைப் பாசனமாகக் கொடுக்கிறோம். அடுத்த பருவத்துக்கு எவ்வளவு இடலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்ணாய்வு எழுதியது:

யூரியாவோ டி.ஏ.பி.யோ மண்ணை நேரடியாக இறுக வைப்பதில்லை. கரிமம் குறைந்த களிமண்ணை, ஈரம் சரியாக ஆறுவதற்குள் கனமான டிராக்டரும் அறுவடை இயந்திரமும் மிதித்தால் அது இறுகும். அதற்கும் முன் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால், அது களிமண் துகள்களைப் பிரித்துவிட்டு மேற்பரப்பை இறுகச் செய்யும். அப்படியானால் தேவைப்படுவது சோடியத்தை விலக்கும் ஜிப்சம், உரக்குறைப்பு அல்ல. உரத்தின் மேல் விழும் பழியில் பாதி உண்மையில் கிணற்று நீருக்குச் சேர வேண்டியது என்பது நிலையத்தில் பார்த்த மாதிரிகளிலிருந்து எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

உர அளவைப் பற்றி: டி.ஏ.பி.யை ஒரு மூட்டையாகக் குறையுங்கள். அல்லது அதே மணிச்சத்து அளவுக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட் இட்டால் கந்தகமும் சேரும், ஆனால் அப்போது தழைச்சத்துக்கு யூரியாவை அரை மூட்டை கூட்ட வேண்டும். இரு முறையிலும் அடுத்த பரிசோதனையில் மணிச்சத்து இறங்கினால் அஞ்ச வேண்டாம். இருப்பைப் பயிர் செலவழிக்கிறது என்று பொருள். பொட்டாஷ் ஒரு மூட்டையாவது இடுங்கள். துத்தநாக சல்பேட் 10 கிலோவை மணலுடன் கலந்து தனியாகத் தூவுங்கள், டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலந்தால் இரண்டும் கரையாப் பொருளாகிவிடும். யூரியாவை ஒரே தடவையாக இடாமல், ஈரம் உள்ளபோது வரிசையின் ஓரத்தில் இட்டு மண் அணைப்பதோடு மூடுங்கள். தட்டையில் பாதியையாவது ரோட்டவேட்டரால் (சுழல் கலப்பை) நறுக்கி மண்ணிலேயே விடுங்கள். அதில் தழைச்சத்து குறைவு என்பதால் மட்கும்போது சில வாரங்களுக்கு மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், ஆகவே விதைப்புக்கு மிக நெருக்கத்தில் மடக்கக் கூடாது. அறுவடைக்கும் புரட்டாசிக்கும் இடையே கோடை மழை கிடைத்தால் சணப்பு என்ற பசுந்தாள் பயிரை விதைக்கலாம். ஆட்டுக்கிடை அமைந்தால் இன்னும் நல்லது. இவ்விரண்டிலும் கொழிஞ்சி ஐயாவின் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடைக்குப் பிந்தைய மண் நிலையை ஒவ்வொரு பயிருக்கும் ஆய்வகத்தில் சோதித்துத்தான் அறிய வேண்டும் என்பதும் இல்லை. விதைப்புக்கு முந்தைய மண் அளவு, இட்ட உரம், கிடைத்த மகசூல் ஆகிய மூன்றையும் வைத்து, அறுவடைக்குப் பிறகு மண்ணில் எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்கும் சமன்பாடுகளைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனை, மகசூல் இலக்குத் திட்டத்தில் பல பயிர்களுக்கு உருவாக்கியிருக்கிறார்கள். பயிர்ச் சுழற்சி முழுவதற்கும் ஒரே பரிசோதனையைக் கொண்டு உரம் திட்டமிட அவை உதவுகின்றன. கோவையில்தான் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயலும் இருக்கிறது; அந்தப் பக்கம் போனால் அனுமதி பெற்று ஒருமுறை பார்த்து வாருங்கள். ஒரே மண்ணில் வெவ்வேறு உரம் பெற்ற பயிர்கள் அடுத்தடுத்து நிற்பதை நேரில் காணலாம்.

கொழிஞ்சி எழுதியது:

சணப்பை 45-ஆம் நாளுக்குள் மடக்கிவிட வேண்டும், நண்பரே. அதற்கு மேல் தண்டு நாராகி மட்குவதற்குத் தாமதமாகும். கிடை போடுவதென்றால் ஆட்டுக்காரர்களிடம் மாசியிலேயே பேசிவிடுங்கள்.

கரிசல்வெளி எழுதியது:

நான்கு ஏக்கரில் ஓர் ஏக்கரைப் பழைய முறையிலேயே விட்டு, மற்ற மூன்றில் அம்மா சொன்ன அளவைப் பின்பற்றலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மண்ணாய்வு எழுதியது:

நல்ல ஏற்பாடு. இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள். அறுவடை முடிந்து, உரமோ எருவோ இடுவதற்கு முன், ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சீராகச் சுரண்டுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்பினால் போதும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். துத்தநாகமும் சோதிப்பதால் துத்தநாகம் பூசிய தகர வாளியில் சேகரிக்காமல் பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எடுங்கள். கரிசலில் காய்ந்த மண்ணின் சாம்பல் சத்து அளவும் ஈர மண்ணின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை, மாசியில் எடுத்ததை ஆவணியில் எடுத்ததோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும். முடிவுகள் வந்ததும் இதே இழையில் இடுங்கள்.